மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவி

என் அத்தைக்கு, அதாவது மனைவியின் அம்மாவுக்கு, மூக்கு கொஞ்சம் அதிகம். அடுத்த வீட்டில் பால் அடிப்பிடித்தால் எங்கள் வீட்டு அடுப்பைப் போய்ப் பார்ப்பார். மழையில் நனைந்த செருப்பு எந்த மூலையில் கிடக்கிறது என்று கட்டிலில் படுத்தபடியே சொல்வார். அந்த மூக்கோடு பதினாறு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். யாராவது எனக்கு ஒரு மாலை போட்டிருக்கலாம்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஆட்களை அக்கரைக்கும் இக்கரைக்கும் ஏற்றிச் செல்வது என் பிழைப்பு. படகு இருபத்திரண்டு வருஷத்துப் பழைய ஃபைபர் படகு. பன்னிரண்டு பேர் உட்காரலாம். பின்பக்கம் பெட்ரோல் எஞ்சின், தரைக்கு அடியில் நூற்றைம்பது லிட்டர் அலுமினிய டேங்க். கட்டியவர்கள் டேங்கைக் குழிக்குள் இறக்கி, சுற்றிலும் நுரையை ஊற்றி இறுகவிட்டு, மேலே தரையையும் ஒட்டி மூடிவிட்டார்கள். அதன் பிறகு அந்த டேங்கின் அடிப்பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு மூடி உண்டு. அதைத் திறந்தால் டேங்கின் ஒரு முனையும், உள்ளே சேரும் தண்ணீரை வெளியே தள்ளுகிற சின்ன மோட்டாரும் தெரியும். அவ்வளவுதான்.

சனிக்கிழமை தோறும் அத்தை அக்கரையில் இருக்கும் சின்ன மகள் வீட்டுக்குப் போவார். முன்னால் உட்கார்ந்தால் அலை தூக்கிப் போடுகிறது என்று அந்தக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“மாப்பிள்ளை, பெட்ரோல் நாத்தம் வருதே.”

“பெட்ரோல்ல ஓடுற படகுல பன்னீர் வாசனையா வரும் அத்தை?”

படகே சிரிக்கும். அத்தை கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொள்வார். அடுத்த சனிக்கிழமையும் இதே பாட்டு. மகள் வீட்டுக்கு ஓசியில் போய்க்கொண்டே என் படகில் குறை கண்டுபிடிக்கிறாரே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பெட்ரோல் படகுக்கு ஒரு விதி இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்படிப் படுத்திருக்கும்போது எங்காவது ஒரு பொறி தட்டினால், படகும் இல்லை, படகில் இருப்பவர்களும் இல்லை. அதனால் காலையில் சாவியைத் தொடுவதற்கு முன்னால் அந்த மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மோந்து பார்க்க வேண்டும். மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவி.

நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. மூடியைத் திறப்பேன். முட்டி போடுவேன். நிதானமாக மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தலையை ஆட்டிக்கொண்டே எழுந்திருப்பேன். ஏறுகிறவர்கள் அதைப் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். தினமும் வருகிற டீச்சர் ஒருவர், “உங்கள மாதிரி பொறுப்பா இருக்கறவங்க இப்பல்லாம் எங்க இருக்காங்க?” என்று சொன்னதும் உண்டு.

இதில் குறை ஒன்றே ஒன்றுதான். எனக்கு மூக்கு வேலை செய்யாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து பத்து நாள் படுக்கையில் கிடந்தேன். எழுந்தபோது வாசனை போயிருந்தது. இன்று வரும் நாளை வரும் என்று முதலில் காத்திருந்தேன். ஒரு மாதம் கழித்து, இனி வராது என்று தெரிந்துபோனது. தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை. படகு ஓட்டும் உரிமத்துக்குக் கண்ணைப் பார்ப்பார்கள், காதைப் பார்ப்பார்கள், மூக்கை யாரும் பார்ப்பதில்லை. சொன்னால் மனைவி பயப்படுவாள், ஏறுகிறவர்கள் யோசிப்பார்கள், படகை விற்றுவிடு என்பார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். யாராவது மூக்கைச் சுளித்தால் நானும் சுளித்தேன். யாராவது “ஆகா” என்றால் நானும் “ஆகா” என்றேன்.

ஆனால் காலையில், மூடியை மூடிவிட்டுச் சாவிக்கு வரும்போது மட்டும் அந்த நடிப்பு செல்லாது. சாவியைத் திருப்புகிற அந்த ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வேன். எஞ்சின் சத்தம் கேட்டதும் திறப்பேன். இரண்டு வருஷம், தினமும் இப்படித்தான்.

டேங்கை மாற்ற வேண்டி வந்தது அத்தை சொல்லி அல்ல, எஞ்சின் சொல்லித்தான். ஒரே வாரத்தில் இரண்டு தடவை நடு ஆற்றில் நின்றுவிட்டது. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலுக்குக் கீழே அரை விரல் அளவு தண்ணீர். அதை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றி எடுத்துக்கொண்டு என் சகலையிடம் போனேன். சகலை என் கொழுந்தியாளின் கணவர். அக்கரையில் கொட்டகை போட்டு ஃபைபர் படகுகளைப் பழுது பார்க்கிறவர். என்னைவிட ஆறு வயது சின்னவர். வாய் மட்டும் அறுபது வயது பெரியது.

ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“டேங்க் அடியில ஓட்டை விழுந்திருக்கு, சகல.”

“ஒரு சொட்டு தண்ணிதானப்பா வந்திருக்கு.”

“தண்ணி உள்ள வருதுன்னா பெட்ரோல் வெளிய போகுதுன்னு அர்த்தம். ஓட்டைக்கு ஒருவழிப் பாதையெல்லாம் கிடையாது. தரைய அறுத்துத் தூக்கிட வேண்டியதுதான்.”

மறுநாளே படகைக் கொட்டகைக்குள் ஏற்றினோம். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோலைக் கைப்பம்பால் கேன்களில் இறைத்து, கேன்களைத் தெருக்கோடியில் கொண்டுபோய் வைத்தோம். பேட்டரியைக் கழற்றி வெளியே எடுத்தோம். மூடியைத் திறந்து வைத்து, கொட்டகை வாசலிலிருந்து பெரிய விசிறியின் காற்றை ஒரு குழாய் வழியாக உள்ளே விட்டோம். மூன்று மணி நேரம் அது ஊதிக்கொண்டே இருந்தது. சகலை தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டார். நீளம் ஐந்தடி, அகலம் இரண்டரை. டேங்கின் மேல்பக்கம் தரையிலிருந்து இரண்டு விரல்கடை கீழே இருக்கிறது. அறுக்கிற பிளேடு அதைத் தொட்டுவிடக் கூடாது.

“கை ரம்பத்துல அறுத்தா ரெண்டு நாள் இழுக்கும். மிஷின்ல போட்டா சாப்பாட்டுக்கு முன்னாடி முடிஞ்சிரும்” என்றார் சகலை. கரண்ட்டில் ஓடுகிற ரம்பத்தைக் கையில் எடுத்து வயரை மாட்டினார். “ஆனா மிஷின்ல பொறி பறக்கும். ஆவி போயிருச்சான்னு நீங்க ஒருதரம் பாத்துச் சொல்லிருங்க. என் மூக்க நம்பாதீங்க. இருபது வருஷமா ஃபைபர் ஒட்டுற ரெசின்ல கிடந்து அது செத்துப் போச்சு. எங்க வீட்ல கருவாடு கருகினாக்கூட எனக்குத் தெரியாது.”

அவர் சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருஷமாக நான் மென்று முழுங்கிக்கொண்டிருப்பதை இந்த ஆள் மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவிட்டாரே என்று இருந்தது.

“நீங்கதான் தினமும் மோந்து பாக்கற ஆளாச்சே. ஊருக்கே தெரியுமே உங்க மூக்கு” என்றார்.

பழக்கம் பொல்லாதது. முட்டி போட்டேன். தலையை உள்ளே விட்டேன். மூன்று முறை இழுத்தேன். குளிர்ந்த காற்று மூக்குக்குள் போய் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் இருக்கிற அதே ஒன்றும் இல்லை.

“சரியா சகல?”

நிமிர்ந்து பார்த்தேன். அவர் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. கொட்டகை வாசலில் என் மனைவியும் அத்தையும் கொழுந்தியாள் வீட்டிலிருந்து சாப்பாட்டு டப்பாவோடு வந்து நின்றிருந்தார்கள். மனைவி விசிறிக்கு இந்தப் பக்கம் வந்து, எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்தடிதான்.

“சரி” என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு வருஷமாகப் பழகிய வார்த்தை. இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு தப்பிக்க முடியாது, பொறியைக் கிளப்பப் போவது என் கை இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவேன் என்றுகூட இல்லை, என் பொய்யை நம்பி இந்த மனிதர் சுவிட்சை அழுத்தப் போகிறாரே என்றுதான்.

“போடாத! விரல எடு!” என்று கத்தினேன். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. “எனக்கு மூக்கு வேலை செய்யாது. ரெண்டு வருஷமா எந்த வாசனையும் தெரியாது.”

சகலை விரலை எடுத்தார். விளையாடுகிறேன் என்று நினைத்து முதலில் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ரம்பத்தைக் கீழே வைத்தார். குனிந்து வயரைப் பிடுங்கினார்.

அத்தைதான் முதலில் நகர்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, முட்டிவலியோடு ஏணியில் ஏறி, படகுக்குள் வந்தார். நான் எழுந்த இடத்தில் முட்டி போட்டார். தலையை உள்ளே விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“அய்யய்யோ! உள்ள பெட்ரோல் பங்க்கே இருக்கு மாப்பிள்ளை!”

டேங்கிலிருந்துதான் இறைத்தோமே தவிர, அதைச் சுற்றி இருந்த நுரை மாதக்கணக்கில் பெட்ரோலைக் குடித்து ஊறிப்போயிருந்தது. மூன்று மணி நேர விசிறி அதை அசைக்கவே இல்லை.

சகலை ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து ஒரு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தார். “தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கத்தால் வந்த அழுகை என்று நினைக்க வேண்டாம். நிம்மதியில் வந்தது. சொல்லிவிட்டேன், எல்லோரும் உயிரோடு நிற்கிறார்கள் என்பதே போதுமாக இருந்தது. இரண்டு வருஷத்துப் பாரம் ஒரு கத்தலில் இறங்கிவிட்டது.

ஆனால் மனைவி என்று ஒருத்தி இருக்கிறாளே.

“ரெண்டு வருஷமாவா?” என்றாள்.

“ஆமா.”

“காலைல காபி குடுத்தா, வாசனையே ஆளத் தூக்குதுன்னு சொல்லுவீங்களே?”

“சும்மா சொன்னது.”

“என் பொறந்தநாளுக்கு ஒரு சென்ட் வாங்கிட்டு வந்தீங்களே? மோந்து பாத்து எடுத்தேன்னு சொன்னீங்களே?”

“கடைக்காரர் நல்லாருக்குன்னு சொன்னாரு.”

அத்தை படகுக்குள் இருந்தபடியே, “அதான்! எறும்பு மருந்து மாதிரி இருந்துச்சு” என்றார்.

சகலை வாளியிலிருந்து விழுகிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். மனைவி சிரிக்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“எங்கம்மாவ ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த மூடி பக்கத்துல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போனீங்க. அவங்க சொல்லச் சொல்ல கிண்டல் பண்ணீங்க.”

“தப்புதான்” என்றேன். இன்னும் எவ்வளவோ சொல்லியிருக்கலாம், வாயில் வந்தது அது ஒன்றுதான். அவள் என் கையைப் பிடித்தாள். பிடித்தாளா கிள்ளினாளா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

அன்றிலிருந்து வேலைக்கு மேஸ்திரி அத்தைதான். கொட்டகை வாசலில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். மணிக்கு ஒருமுறை ஏறி வந்து மோந்து பார்ப்பார். “இன்னும் இருக்கு” என்பார். நாங்கள் விசிறியை நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருப்போம். மறுநாள் மத்தியானம்தான் “இப்ப பரவால்ல” என்று உத்தரவு கொடுத்தார். அப்போதும் மிஷின் வேண்டாம் என்று சகலையே சொல்லிவிட்டார். நானும் அவரும் மாறி மாறிக் கை ரம்பத்தால் அறுத்தோம். உள்ளங்கை கொப்புளம் வெடித்தது. ஃபைபர் தூசி கழுத்தெல்லாம் அரித்தது. ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுக்கிற தகுதி எனக்கு இல்லை.

தரைப் பலகையைப் பெயர்த்து எடுத்தபோது டேங்கின் மேல்பக்கம் புதுசு போலப் பளபளத்தது. இவ்வளவு நல்ல டேங்கையா தூக்கிப் போடப் போகிறோம் என்று மனசு அடித்துக்கொண்டது. சுற்றியிருந்த நுரையை மர ஆப்பாலும் கையாலும் பிய்த்துப் பிய்த்து எடுத்தோம். மேலே காய்ந்திருந்தது, கீழே போகப் போகத் தண்ணீரில் போட்ட ரொட்டி மாதிரி ஊறிக் கிடந்தது. கயிறு போட்டு நாலு மூலையிலும் தூக்கிப் புரட்டினோம். அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி. சகலை கட்டைவிரலால் தேய்த்தார். பொடி உதிர்ந்த இடமெல்லாம் ஓட்டை. சல்லடையில்கூட இன்னும் கொஞ்சம் உலோகம் இருக்கும்.

“நுரை ஈரத்தப் புடிச்சு வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா அலுமினியத்தத் தின்னுருக்கு” என்றார் சகலை. பிறகு என்னைப் பார்த்தார். “இத வெச்சுக்கிட்டு எப்படி சகல இவ்வளவு நாள் தப்பிச்சீங்க?”

“தெரியலப்பா.”

“காலைல மூடிய எவ்வளவு நேரம் தொறந்து வெப்பீங்க?”

யோசித்தேன். பொய்யாக மோப்பம் பிடிக்கிறவன் அவசரப்பட முடியாது. எல்லோரும் பார்க்க வேண்டும் என்பதற்காக முதல் ஆள் வருவதற்கு முன்பே திறந்துவிடுவேன். கடைசி ஆள் ஏறிய பிறகுதான் மூடுவேன். அரைமணி நேரம் இருக்கும்.

“அந்த அரைமணி நேரக் காத்துதான் காப்பாத்திருக்கும்” என்றார். “நடிச்சாலும் உருப்படியா நடிச்சிருக்கீங்க.”

அத்தையிடம் போய் நின்றேன். நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் சல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, நீங்க ஒம்பது மாசமா சொன்னது சரிதான். நான்தான் கேக்கல. மன்னிச்சுக்குங்க.”

“ஒம்பது மாசமா?” என்றார் அத்தை. “போன மழைக்கு முன்னாடி இருந்து சொல்றேன் மாப்பிள்ளை. பதினோரு மாசம்.” பிறகு என் கையிலிருந்த கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, “மூக்கு போனதச் சொல்லியிருந்தா நான் தினமும் காலைல வந்து பாத்திருக்க மாட்டனா? எனக்கு வேற என்ன வேலை?” என்றார்.

நான் அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

புது டேங்க் அடுத்த வாரம் வந்தது. பழையதைவிட இரட்டைக் கனமுள்ள தகடு. காற்றடைத்து, ஒட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்த பிறகுதான் இறக்கினோம். இந்த முறை நுரை இல்லை. ரப்பர் பட்டைகளின் மேல் உட்கார வைத்து, பட்டை போட்டு இறுக்கினோம். தண்ணீர் வந்தாலும் அடியில் நிற்காமல் ஓடிவிடும். குழாய்கள் அத்தனையும் புதுசு. அறுத்த தரையையும் ஒட்டவில்லை. திருகு போட்டு, ஓரத்தில் மட்டும் தண்ணீர் இறங்காதபடி, உரித்தால் வந்துவிடும் பசை வைத்து மூடினோம். இருபது வருஷம் கழித்து யாராவது திறந்தால் எங்களைத் திட்டாமல் திறக்கலாம். ஆவி இருந்தால் கத்துகிற ஒரு சின்னப் பெட்டியையும் சகலை மூடிக்குக் கீழே பொருத்தினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘சின்ன மாமியார்’. அத்தைக்குத் தெரியாது, தெரிய வேண்டாம்.

சனிக்கிழமை காலை படகு தண்ணீரில் நின்றது. வழக்கமான கூட்டம். டீச்சர், ஒரு தையல்காரர், இன்னும் எட்டுப் பேர். அத்தை கடைசி பெஞ்சில். நான் மூடியைத் திறந்தேன். முட்டியும் தானாக மடங்கப் பார்த்தது. நிமிர்ந்து நின்றுகொண்டேன்.

“ஒரு விஷயம் சொல்லணும்” என்றேன். “எனக்கு ரெண்டு வருஷமா வாசனை தெரியாது. தினமும் மோந்து பாத்ததெல்லாம் சும்மா. டேங்க் ஓட்டையா இருந்திருக்கு, இப்ப புதுசு போட்டாச்சு. இனிமே யாருக்காவது பெட்ரோல் வாசனை வந்தா உடனே சத்தம் போட்டுச் சொல்லிருங்க.”

எல்லோரும் இறங்கிப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். தையல்காரர்தான் மெதுவாக ஆரம்பித்தார்.

“எங்களுக்கு வாசனை வந்துச்சே, அண்ணே.”

“வந்துச்சா? ஏன் சொல்லல?”

“நீங்கதான் தினமும் மோந்து பாக்கறீங்களே. உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரிஞ்சிரப் போகுதுன்னு இருந்துட்டோம்.”

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “இந்த அம்மா சொன்னதுக்கே பன்னீர் வாசனையா வரும்னு கேட்டீங்க. நாங்களும் சேந்து சிரிச்சோம். அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

என் மூக்கு ஒன்றுதான் செத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். படகில் இருந்த அத்தனை மூக்கையும் நான் கட்டிப் போட்டிருக்கிறேன். படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

அத்தை அதற்குள் முட்டி போட்டுவிட்டார். தலையை உள்ளே விட்டார். நிதானமாக மூன்று முறை இழுத்தார். நான் செய்வதை அத்தனை சனிக்கிழமையும் பார்த்திருக்கிறார் அல்லவா, அதே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே எழுந்தார்.

“புது ரப்பர் வாசனை மட்டும்தான் வருது. வேற ஒண்ணும் இல்ல. நீங்க சாவியப் போடுங்க, மாப்பிள்ளை.”

யாரும் இறங்கவில்லை. டீச்சர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். நான் முன்னால் போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கண்ணை மூட மறந்துவிட்டேன் என்பது அக்கரை நேர் எதிரே தெரிந்தபோதுதான் எனக்கு உறைத்தது.